அப்பா ஊசி போடச் சொல்கிறார், என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருடம் ரப்பர் பால்வெட்டுத் தொழில். நுரையீரலில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவிவிட்டது. திருவனந்தபுரத்தில் கீமோ கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க வலியில் கத்துகிறார். "ஒரு ஊசியப் போட்டு என்னை விட்டிருங்க மக்களே" என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். வலிக்கு மார்பின் என்ற மாத்திரை தந்திருக்கிறார்கள். பழகிவிடும், மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, பொறுக்கவே முடியாதபோது மட்டும் ஒன்று கொடுக்கிறோம். சவூதியில் இருக்கும் அண்ணன், மூச்சுத் திணறினால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து வென்டிலேட்டர் வைக்க வேண்டும், பணம் அனுப்புகிறேன் என்கிறார். வேண்டாம் என்றால், "அப்பாவைக் கொல்லப் பார்க்கிறாயா?" என்று கேட்கிறார். அம்மா தினமும் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகிறவர், பாவம் சேருமே என்று அழுகிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான மாமாவோ, அந்தக் காலத்தில் வடக்கிருந்து உயிர் விடவில்லையா என்கிறார். கருணைக்கொலைக்கு நம் நாட்டில் அனுமதி உண்டா, டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "பொறுக்கவே முடியாதபோது மட்டும் ஒன்று." இருபது வருடத்துக்கு மேலாக நாகர்கோவிலைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். இந்த வரியைக் கேட்காத வீடு குறைவு.

எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி வந்து போகிற வலி இல்லை. பகலும் இரவும் அங்கேயே கிடக்கும். உங்களிடம் இருப்பது சாதாரண மார்பின் மாத்திரை என்றால், அது வேலை செய்வது சுமார் நாலு மணி நேரம். அதனால்தான் வலி இருக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். வலி உச்சிக்கு ஏறிய பிறகு கொடுத்தால், மாத்திரை உடம்பில் இறங்குவதற்குள் அவர் கத்திக் களைத்துவிடுவார். அடுத்த மாத்திரை எப்போது கிடைக்கும் என்றும் அவருக்குத் தெரியாது. அந்தப் பயமே அடுத்த வலியைக் கூட்டும். அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள், வெயில் ஏறிய பிறகு பால்வெட்டப் போனால் சிரட்டையில் எவ்வளவு பால் இறங்கும் என்று. விடியுமுன் போயாக வேண்டும். மார்பினும் அப்படித்தான், வலிக்கு முன்னால் போயாக வேண்டும்.

பழகிவிடும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. மூச்சு நின்றுவிடும் என்பதும் அப்படியே. சிறிய அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் மூச்சை நிறுத்தாது. சொல்லப்போனால் மூச்சுத்திணறலுக்கே குறைந்த அளவில் மார்பின் கொடுக்கிறோம். எழுப்பினாலும் எழாத தூக்கம், சம்பந்தமில்லாத பேச்சு என்று கண்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். முதல் நாளிலிருந்தே அதற்கான மருந்தும் சேர்ந்து போக வேண்டும், அதை எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ராத்திரி கடைசி வேளைக்கு அளவைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் நடுவில் எழுப்பாமல் தூங்கவிடலாமா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தேவைப்படுவது ஒரு முழு ராத்திரித் தூக்கம்.

இன்னொன்றும் கேளுங்கள். எலும்பு வலிக்கு, பலருக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலே சில வாரங்களில் வலி இறங்கிவிடுகிறது. நோய் குணமாக இல்லை, வலிக்காக மட்டும். "இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பியவர்கள், கீமோ இனி வேலை செய்யாது என்றுதான் சொன்னார்கள். வலிக்குச் செய்ய இன்னும் நிறைய இருக்கிறது. அப்புறம், முதுகெலும்பில் பரவியிருப்பதால் ஒரு எச்சரிக்கை: கால் திடீரென்று பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மறுநாள் என்று தள்ளக்கூடாது.

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒரு பனையேறித் தாத்தாவைச் சொல்கிறேன். இடுப்பெலும்பில் புற்று. முதல் நாள் போனபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே, "விஷம் உண்டும்னா தா, இல்லேன்னா போ" என்றார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். மாத்திரையை நேரப்படி கொடுக்கத் தொடங்கி, இரண்டு முறை அளவைக் கூட்டினோம். ஆறாவது நாள் நான் போகும்போது திண்ணையில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து ஆள் வந்து முடி வெட்டிக்கொண்டிருந்தார். "கிருதாவ நேரா வெட்டுடே" என்று அதட்டல் வேறு. அதற்கப்புறம் ஏழு வாரம் இருந்தார். விஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "விட்டிருங்க" என்று உங்கள் அப்பா சொல்வதைச் சாவைக் கேட்பதாக நான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. வலிக்கு முறைப்படி மருந்து போன ஒரு வாரம் கழித்து அவர் என்ன கேட்கிறார் என்று பார்ப்போம்.

அதுவரை, ரப்பர் ஷீட் அடிக்க வீட்டில் ஆசிட் வைத்திருந்தால் அதையும், பூச்சிமருந்தையும், மாத்திரை டப்பாவையும் பூட்டி வையுங்கள். அப்பாவிடம் நேராகவே கேளுங்கள்: "அப்பா, நீங்களே ஏதாவது செய்துகொள்ளணும்னு நினைக்கிறீங்களா?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேட்டால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இனி சட்டம்.

அப்பா கேட்கிற ஊசிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. எந்த மருத்துவர் போட்டாலும் குற்றம், உறவினர் போட்டாலும் குற்றம். இறப்பவரே சம்மதித்தார் என்றாலும் வழக்கிலிருந்து தப்ப முடியாது. 18 வயதுக்கு மேற்பட்டவர் மனமறிந்து சம்மதித்திருந்தால் கொலை என்ற பிரிவு மாறி, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று ஆகும், அவ்வளவுதான். ஜெயில் உண்டு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இதுதான் நிலை.

அண்ணன் வைக்கச் சொல்லும் வென்டிலேட்டர் வேறு விஷயம். அதை வேண்டாம் என்று சொல்ல உங்கள் அப்பாவுக்கு முழு உரிமை உண்டு. சுயநினைவோடு, புத்தி தெளிவாக இருக்கும் ஒருவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம், அதனால் உயிர் போகும் என்றாலும்கூட. இதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் வேண்டாம். குழப்பம் வருவது, அவர் நினைவிழந்த பிறகு யார் முடிவெடுப்பது என்பதில்தான்.

இந்த இடத்துக்கு நம் சட்டம் வந்து சேர்ந்த கதையில் ஒரு நர்ஸ் இருக்கிறார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் வேலை பார்த்த அருணா ஷான்பாக். 1973 நவம்பரில் அதே மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை நெரித்து அவரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினான். மூளை சிதைந்துபோய், 42 வருடம் அங்கேயே ஒரு கட்டிலில் கிடந்தார். அவரைப் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, உணவூட்டுவதை நிறுத்தி அவரைப் போகவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்து நின்றவர்கள் யார் தெரியுமா? அந்த மருத்துவமனையின் நர்சுகள். அருணா கட்டிலில் விழுந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட, பின்னால் வேலைக்கு வந்து அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். 2011 மார்ச் 7-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அருணாவுக்காக முடிவெடுக்கும் உரிமை மனுப் போட்டவருக்கு இல்லை, இத்தனை வருடம் கவனித்த இவர்களுக்கே என்று சொல்லி, நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அதே தீர்ப்பில், மீளவே முடியாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கலாம், அதற்கு உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று முதல்முறையாக வழியும் திறந்தது. அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். கவனித்தவர்களின் சொல்லுக்கு நீதிமன்றம் தந்த அந்த எடையை நான் மறப்பதே இல்லை. உங்கள் வீட்டிலும் ராத்திரி பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

2018 மார்ச் 9-ஆம் தேதி, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி போனது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. நினைவோடு இருக்கும்போதே, "நான் இந்த நிலைக்கு வந்தால் இன்னின்ன சிகிச்சை வேண்டாம்" என்று எழுதிவைப்பது செல்லும் என்றது. ஆங்கிலத்தில் லிவிங் வில் என்கிறார்கள், முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் என்று சொல்லலாம். ஆனால் அதில் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்று வைத்துவிட்டதால் யாராலும் நடைமுறைப்படுத்த முடியவில்லை. சாகக் கிடப்பவரை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்கு ஓடுவது? 2023 ஜனவரி 24-இல் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் ஆபீசரிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும்.

அப்பா தெளிவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். வலி அடங்கிய ஒரு காலைப்பொழுதில் உட்காருங்கள், நடுராத்திரிக் கதறலில் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. என்ன வேண்டாம் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்: மூச்சுக்குழாய், வென்டிலேட்டர், நெஞ்சை அழுத்தி இதயத்தை ஓடவைப்பது. எலும்பில் புற்று பரவியவரின் நெஞ்சை அழுத்தினால் விலா எலும்புகள் முறியும், அதை அண்ணனுக்கும் சொல்லுங்கள். என்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: வலி மருந்து, வீட்டில் இருப்பது, குருவானவர் வருவது. அப்பா சொல்ல முடியாத நிலை வந்தால் அவருக்காகப் பேச ஒருவருக்கு மேலும் பெயர் குறிப்பிடலாம். உங்கள் பெயரோடு அண்ணன் பெயரையும் போடச் சொல்லி அப்பாவிடம் கேளுங்கள். தூரத்தில் இருப்பவரைத் தாளுக்கு வெளியே நிறுத்தினால் அவர் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் சண்டைக்கு நிற்பார். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருந்தால் நல்லது. தக்கலையிலோ குழித்துறையிலோ ஒரு நோட்டரி வக்கீலைப் பார்த்து, நடக்க முடியாதவர் என்று சொல்லி வீட்டுக்கு வரமுடியுமா என்று கேளுங்கள். ஒரு நகலை அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடமும், ஒன்றை உள்ளாட்சி அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள். மனம் மாறினால் அப்பா எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

ஒருவேளை அவர் ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்து, அதை விலக்க வேண்டும் என்ற நிலை வந்தால் வழி கொஞ்சம் நீளம். சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரும், வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். குடும்பத்தார் சம்மதமும் வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டு நிறுத்தலாம். குழு மறுத்தால் நமக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. ஆவணம் எழுதாதவருக்கும் இதே வழிதான், குடும்பத்தின் எழுத்துமூலச் சம்மதத்தோடு.

நடைமுறையில் நம் ஊரில் நடப்பது வேறு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பணம் தீர்ந்ததும் "வீட்டுக்குக் கொண்டுபோறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஆம்புலன்சில் மூச்சுக் கொடுக்கும் பலூனைக் கையால் அமுக்கிக்கொண்டே வந்து, வீட்டு முற்றத்தில் குழாயை உருவுகிறார்கள். பலூனை அமுக்கியவர் ஆம்புலன்ஸ் டிரைவரோடு திரும்பிவிடுவார். வலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ ஒரு சொட்டு மருந்து இருக்காது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை நான் ஏழெட்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். தகுந்த மருந்து கொடுத்து, அமைதியாக, பிள்ளைகள் கையைப் பிடித்திருக்க மருத்துவமனையிலேயே செய்யச் சட்டம் வழி தந்திருக்கிறது. அப்படியிருந்தும் முற்றத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

அண்ணனைக் கெட்டவராக நினைக்காதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருப்பவருக்கு அப்பாவின் கையைப் பிடிக்க முடியாது, பணத்தைத்தான் அனுப்ப முடியும். இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. 2009-இல் என் அம்மாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்து, ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு நாள் இருந்தார். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு காஸ் துணியால் கட்டியிருந்தார்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். மீளமாட்டார் என்று மூன்றாம் நாளே எனக்குத் தெரியும், யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எத்தனையோ தடவை அரிசி கழுவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணுன்னா இழுத்துப் பறிச்சு வைக்காதே மக்களே" என்று சொன்னவர். வென்டிலேட்டருக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது நான். மருத்துவராக இருந்தும் போட்டேன், பிள்ளையாக இருந்ததால் போட்டேன். அந்தக் கைக்கட்டின் தழும்போடுதான் அம்மாவைப் பெட்டியில் வைத்தோம்.

அண்ணனிடம் "வென்டிலேட்டர் வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். வீடியோ காலில் அப்பாவையே பேசவிடுங்கள். மாத்திரை வேலை செய்து, அவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வென்டிலேட்டர் நுரையீரல் புற்றைக் குறைக்காது. நிமோனியா போல் சரியாகக்கூடிய ஒன்று வந்தால், அது சரியாகும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிக்கும் கருவி அது. சரியாக எதுவும் மீதமில்லாதபோது சாவைச் சில நாட்கள் நீட்டும், அந்த நாட்களில் பிள்ளைகளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தும். விமான டிக்கெட்டுக்கு அந்தப் பணத்தைச் செலவழிக்கச் சொல்லுங்கள். இப்போதே வரச் சொல்லுங்கள்.

"கொல்லப் பார்க்கிறாயா?" என்று அவர் கேட்டதற்குப் பாதிக் காரணம் கருணைக்கொலை என்ற சொல். அதற்குள் கொலை இருக்கிறது. எதைச் சேர்த்துச் சொன்னாலும் கொலை போகாது. சிகிச்சையை நிறுத்துவதை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது என்பதே மருத்துவர்களின் நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018-இல் வெளியிட்ட சொல்விளக்கத்திலும், சிகிச்சையை நிறுத்துவதைக் குறிக்கும் "பாசிவ் யூதனேசியா" என்ற சொல்லை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்றே இருக்கிறது. வீட்டில் அந்த வார்த்தையைப் பேசாதீர்கள். "அப்பாவைக் கஷ்டப்படுத்தாமல் வீட்டில் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லுங்கள்.

அம்மாவுக்கு. அம்மா, நீங்கள் பயப்படும் பாவத்தைப் பற்றி உங்கள் திருச்சபை ரொம்ப காலத்துக்கு முன்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1957-இல் மயக்கமருந்து நிபுணர்கள் கேட்டதற்குத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் பதில் சொன்னார்: உயிரைக் காப்பது கடமை, ஆனால் அளவுக்கு மீறிய வழிகளைக் கையாண்டே தீர வேண்டும் என்ற கடமை இல்லை. வலியைப் போக்கத் தரும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்றாலும், நோக்கம் வலியைப் போக்குவதே என்றால் தரலாம் என்றும் அதே வருடம் சொன்னார். இன்றைய மறைக்கல்வி நூலின் 2278, 2279 எண்களிலும் இது இருக்கிறது. ஊசி போட்டு உயிரை எடுப்பதைத் திருச்சபை ஏற்காது. வென்டிலேட்டரை மறுப்பதையும் மார்பின் கொடுப்பதையும் அது ஏற்கிறது. பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குருவானவர் வந்து எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலை அப்பா நினைவோடு இருக்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் அதை அவஸ்தைபூசுதல் என்று சொல்லிப் பயந்து, கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுவார்கள். அது தேவையில்லை.

மாமா சொன்னதும் விளையாட்டான பேச்சு இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், பிசிராந்தையார் போய்ப் பக்கத்தில் அமர்ந்தார். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இன்றும் இருக்கின்றன. சமணர்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் விடும் சல்லேகனையை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தற்கொலை என்று தடைசெய்தது, அந்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. அந்த விவாதம் முக்கியமானது. ஆனால் மாமா, சோழனை வடக்கே உட்காரவைத்தது பிள்ளைகளோடு வந்த பகையும் மானமும். துறவி நோன்பிருப்பது நிதானமான மனதோடு. உங்கள் மைத்துனர் ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் கேட்பதை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊசிக்கு அனுமதி வேண்டுமா என்று என் கருத்தைக் கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல், கனடாவில் 2016 முதல் அனுமதி இருக்கிறது. குழாயை எடுப்பதும் ஊசி போடுவதும் முடிவில் ஒன்றுதானே என்று அங்கே வாதிடுகிறவர்களை நான் அலட்சியம் செய்யவில்லை. எல்லாம் செய்தும் வலி அடங்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள். முகத்தில் புற்று அரித்த ஒரு அம்மா, மருந்தெல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, நல்ல தெளிவோடு, "எனக்குப் போதும் டாக்டர், இப்போ அனுப்பிடுங்க" என்றார். அவர் கேட்டது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடைசி நாட்களில் தூக்கமருந்து கொடுத்து நினைவு தெரியாமல் வைத்திருந்தோம், சட்டத்துக்குள் செய்யக்கூடியது அதுதான். நோய் அவரைக் கொண்டுபோனது.

அப்படியும் நம் நாட்டில் இப்போது ஊசிக்கு வழி திறப்பதை நான் எதிர்க்கிறேன். இதே தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று இருந்தது, விருதுநகர்ப் பக்கம் 2010 வாக்கில்கூடப் பத்திரிகையில் வந்தது. படுத்த படுக்கையான கிழவரையும் கிழவியையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிவைப்பார்கள். ஊரே அறிந்து, சொந்தம் கூடி, அன்பின் பெயரால் நடக்கும். கிழவியிடம் யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தாயும் தகப்பனும் தனியாகக் கிடக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை! "பாரமா இருக்கேன், போயிடட்டுமா?" என்று கேட்கும் வாய்க்கு ஊசி கிடைக்கும் என்றால், அந்த வாயைக் கேட்கவைப்பவர்களும் வருவார்கள்.

இன்னொரு காரணம் மார்பின். காஜிபூரிலும் நீமச்சிலும் அரசே அபின் ஆலை நடத்தி, மருந்துக்கான அபினை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்துவந்த நாடு இது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகள் மார்பின் வைத்திருக்கவே பயந்தன. நம் சொந்த நோயாளிகளுக்கு அது கிடைப்பது அடியோடு விழுந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் ஊர் ஊராகப் பரவி, 2008-இல் கேரளம் அதற்கென்றே அரசுக் கொள்கை வகுத்தது. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் பின்னர் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பை நிறுவினார். இந்தப் பக்கம் நாம் இன்னும் மெதுவாகத்தான் போகிறோம். மாத்திரை டப்பா கையில் இருந்தும் பயத்தில் கொடுக்காத வீடுகள் இருக்கும் ஊரில், முதலில் கொடுக்க வேண்டியது அந்த மாத்திரையை.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலிதணிப்பு சிகிச்சைக்கு யாரைப் பார்ப்பது என்று கேளுங்கள். அப்பாவின் பைல் முழுவதையும் எடுத்துப் போங்கள், அவர் வர வேண்டியதில்லை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்தே வீட்டுக்கு வந்து பார்க்கும் வலிதணிப்புச் சேவையும் அதில் உண்டு.

பின்னால் ஒரு நாள் அப்பா சாப்பிடுவதை நிறுத்துவார். அப்போது மட்டிப்பழத்தைப் பிசைந்து வாயில் திணிக்க வேண்டாம், கஞ்சியைச் சாய்த்து ஊற்ற வேண்டாம். நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பசி அவருக்கு இருக்காது. சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்துங்கள், அது போதும். மூச்சுத் திணறினால் தலைப்பக்கம் உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, முகத்தில் படும்படி சின்ன மின்விசிறி வையுங்கள். தொண்டையில் கறகற என்று சத்தம் வரும், கேட்பவருக்குத்தான் அது பயங்கரம், அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் பதற்றத்தில் 108-ஐக் கூப்பிட்டால் அவர்கள் தங்கள் கடமைப்படி தூக்கிக்கொண்டு போய்க் குழாய் போடும் இடத்தில் சேர்ப்பார்கள். அதனால் யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே பேசி, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்சின் எண்ணையோ டாக்டரின் எண்ணையோ கட்டில் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள். அப்பா கையெழுத்திட்ட விருப்ப ஆவணத்தின் நகலும் அங்கேயே இருக்கட்டும்.

இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு வேளையையும் அளவையும் உறுதிசெய்து, சமையலறைக் காலண்டரில் மாத்திரை நேரங்களை வரிசையாக எழுதுங்கள். கொடுத்ததும் ஒரு கோடு போடுங்கள். பத்து நாள் கழித்து அந்தக் காலண்டர் தாளையும், அப்பா என்ன கேட்கிறார் என்பதையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
வலிதணிப்பு மருத்துவர், நாகர்கோவில்